காணிப்பாக்கத்தில் தூக்கிய வலது கை

அனுப்புநர்: கோ. தணிகாசலம், ஓய்வுபெற்ற டெஸ்பாட்ச் கிளார்க், மாடிவீடு, கிரீம்ஸ்பேட்டை, சித்தூர்.

பெறுநர்: செயலாளர் செல்வி கீர்த்தி அவர்கள், துளிர்வனம் சுற்றுச்சூழல் சங்கம், திருப்பதி.

பொருள்: பெட்ரோல், டீசல், நிலக்கரி, கேஸ் பற்றிய சங்கக் கொள்கைக்கு உறுப்பினர் கருத்துக் கேட்டது – கருத்துச் சமர்ப்பித்தல் – கூடவே ஒரு சத்தியத்திலிருந்து விடுவிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய செயலாளர் அம்மாவுக்கு,

தணிகாசலம் கைகூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் நலம். யாவரும் என்றால் நான் ஒருவன்தான். ஆனால் கடிதம் என்றிருந்தால் அப்படித்தான் தொடங்கவேண்டும் என்று கை பழகிவிட்டது. அவ்விடம் தங்கள் நலமும், சங்கத்துப் பிள்ளைகள் நலமும், நீங்கள் ஊர் ஊராகக் கொடுத்துவிட்டு வரும் கன்றுகளின் நலமும் அறிய ஆவல். எனக்குக் கொடுத்த புங்கங்கன்று மொட்டைமாடியில் பெயின்ட் வாளியில் இருக்கிறது. நான் கேட்டது கறிவேப்பிலை. அது போகட்டும்.

போன வாரம் சங்கத்திலிருந்து எனக்கு ஒரு மெயில் வந்தது. "அன்புள்ள தணிகாசலம் அவர்களே, பூமியைச் சூடாக்கும் எரிபொருட்களைப் பற்றி நம் சங்கம் ஒரு கொள்கை வகுக்கிறது, உறுப்பினரான உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று எழுதியிருந்தீர்கள். அதைச் சத்தமாக வாசித்தேன். வீட்டில் கேட்க ஆளில்லாததால் நானே கேட்பதற்காக இன்னொரு முறை வாசித்தேன். மாம்பழக்கூழ் கம்பெனியில் தலை நரைக்கும்வரை டெஸ்பாட்ச் பார்த்தவன் நான். எத்தனையோ டப்பாக்கள் கப்பலேறிப் போயின. எதை எங்கே அனுப்பலாம் என்று ஒருநாளும் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. வீட்டில் என் சம்சாரம் மணியம்மா இருந்தவரை கேட்பாள், குழம்புக்குப் புளி போதுமா என்று. அவள் போய்ச் சேர்ந்தபிறகு என்னிடம் கருத்துக் கேட்டது நீங்கள்தான். அன்றே பதில் தட்டி அனுப்பினேன். கண் மூடித் திறப்பதற்குள் உங்களிடமிருந்து பதில் வந்துவிட்டது. இவ்வளவு சுறுசுறுப்பான பெண்ணா என்று சந்தோஷப்பட்டுப் பிரித்தால், இந்த முகவரிக்கு வருவதை யாரும் படிப்பதில்லை, கேள்விகளுக்கு நேரே டிக் அடித்தால் போதும் என்று இருந்தது. அம்மா, என் நிலைமை டிக்கில் அடங்காது. அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். சங்கடஹர சதுர்த்திக்குக் காணிப்பாக்கம் வந்தேன். தரிசனம் முடித்து வெளியே வந்தால் குளத்துப் பக்கத்தில் உங்கள் ஷாமியானா. உறுப்பினராகச் சேர்ந்தால் கன்று இலவசம் என்றார்கள், சேர்ந்தேன். கன்றைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. நீங்கள் மைக்கைப் பிடித்து, எல்லாரும் கோபுரத்தைப் பார்த்துத் திரும்புங்கள், வலது கையைத் தூக்குங்கள், நான் சொல்வதைத் திருப்பிச் சொல்லுங்கள் என்றீர்கள். போட்டோவில் கோபுரம் விழவேண்டும் என்பதற்காகத்தான் அப்படிச் செய்தீர்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பள்ளிக்கூடத்தில் பிரேயர் சொன்ன பழக்கம், நான் உரக்கவே சொன்னேன். "இன்று முதல் பெட்ரோல், டீசல், நிலக்கரி, எரிவாயு இவற்றால் நடக்கும் எதையும் பயன்படுத்தமாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்." பக்கத்தில் நின்ற பூக்காரம்மா டீசல் வரும்போதே கையை இறக்கிவிட்டாள். உள்ளூர்க்காரி அல்லவா. நான் கடைசிவரை சொல்லிவிட்டேன்.

நீங்கள் சிரிப்பீர்கள். வேறு ஊரில் கையைத் தூக்கினால் அது உறுதிமொழி. காணிப்பாக்கத்தில் தூக்கினால் அது பிரமாணம். எங்கள் பக்கத்தில் ஆடு காணாமல் போனாலும் சரி, வரப்பு ஒரு முழம் நகர்ந்தாலும் சரி, "காணிப்பாக்கம் வந்து சொல்றியா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், பாதிப்பேர் நின்ற இடத்திலேயே உண்மையைக் கக்கிவிடுவார்கள். அந்தப் பிள்ளையார் முன்னால் சொல்லிவிட்டுத் தவறினவன் உருப்பட்டதில்லை. என் சித்தப்பா ஒருவர் ஒரு மாமரத்து விஷயத்தில் அங்கே பொய் சொல்லிவிட்டு வந்தார். மறுவாரமே சொந்த மாட்டிடம் மிதி வாங்கினார். அந்த மாடு அதற்கு முன்னாலும் யாரையும் மிதித்ததில்லை, பின்னாலும் மிதித்ததில்லை.

இவ்வளவு தெரிந்த எனக்கு அன்றைக்கு உடனே உறைக்கவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து பாதித் தூரம் வந்துவிட்டேன். எங்கள் பேட்டை ஸ்டாண்டு ஹரிபாபுதான் ஓட்டினான். மடியில் என்ன கன்று என்று கேட்டான், நானும் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். வண்டியை ஓரங்கட்டிவிட்டான். "எறங்குங்க தாத்தா. பிரமாணம் பண்ணிட்டு என் ஆட்டோவுலயே குந்திக்கினு வரீங்களே, சாமி உங்களப் பாக்குமா, என் வண்டியப் பாக்குமா?" என்றான். இது டீசல் இல்லையே, கேஸ் வண்டிதானே என்று வாதாடிப் பார்த்தேன். கேஸும் அந்த வாக்கியத்தில் இருந்ததாக நானே சொன்னதை எடுத்துக்காட்டினான். கூட வந்தவர்களும் அவன் பக்கம்தான் பேசினார்கள். ஒரு அம்மா மட்டும் இரக்கப்பட்டு, கழற்றி வைத்திருந்த என் செருப்பை எடுத்துக் கொடுத்தாள். அந்த வெயிலில் புங்கங்கன்றைத் தலைக்குமேல் குடையாகப் பிடித்துக்கொண்டு நடந்தே வீடு வந்து சேர்ந்தேன். அதில் இலை கொஞ்சம்தான் இருந்தது.

வந்ததும் கேஸ் அடுப்பை மூடினேன். கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா பிரமிளா நல்ல மாதிரி, தன்னுடைய பழைய கரண்ட் அடுப்பைக் கொடுத்தாள். அதில் பாலை வைத்துவிட்டு, எதற்கும் கேட்டுவைப்போம் என்று சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் கரண்ட் பயன்படுத்தலாமா என்று கேட்டேன். திலீப் என்று ஒரு பையன் கலர் கலராகப் படங்கள் அனுப்பி, நம்முடைய கரண்டில் பெரும்பங்கு நிலக்கரியில்தான் வருகிறது என்று நிரூபித்துவிட்டான். கீழே சிரிக்கிற பொம்மை ஒன்றும் போட்டிருந்தான். அவனுக்கு விளையாட்டு, எனக்குப் பால். பாதி காய்ந்த பாலோடு அடுப்பை அணைத்தேன். அப்புறம் மொட்டைமாடியில் செங்கல் அடுக்கி, தென்னைமட்டை பொறுக்கி வந்து சமைத்தேன். முதல் நாள் சோறு குழைந்தது. மறுநாள் தீய்ந்தது. அதற்கும் மறுநாள் சோறு நன்றாக வந்தது, ஆனால் காற்று திரும்பி, பிரமிளா காயப்போட்டிருந்த பட்டுப்புடவையில் கரி படிந்துவிட்டது. அவள் மாடி ஏறிவந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "நீங்க அந்தச் சங்கத்துல சேந்ததுலேர்ந்து இந்தத் தெருவுலயே அதிகமா பொகை உடறது நீங்கதாங்க" என்றாள். ஃபேன் போடாமல் நான் காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் பார்த்தாள். எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனாள். எலிப்புழுக்கை நான்தான் என்பது எனக்குப் புரிந்தது.

போனுக்கு மட்டும் சார்ஜ் போடுகிறேன். பிள்ளையாரிடம் சொல்லிவிட்டுத்தான் போடுகிறேன். திருப்பதியில் என் மகள் கலைவாணி இருக்கிறாள், அவள் கூப்பிட்டால் எடுக்கவேண்டுமே. சார்ஜும் எப்போதும் நிறையவே இருக்கிறது. அதில் யாராவது பேசினால்தானே குறையும்.

ஆனால் அம்மா, சோறும் காற்றும் போனது பெரிதில்லை. பஸ் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், கொள்கைக்கு இது தேவைப்படும். வியாழக்கிழமை தோறும் நான் திருப்பதி பஸ் ஏறுவேன். மகள் வீட்டுக்கா என்று பிரமிளா கேட்பாள், ஆமாம் என்பேன். மகள் வீட்டுக்கு நான் போவதில்லை. ஆரம்பத்தில் போனேன். கலைவாணியும் மாப்பிள்ளை கிரண்குமாரும் வேலைக்குப் போயிருப்பார்கள். பேத்தி ஹர்ஷினிக்குப் பள்ளிக்கூடம் விட்டால் கோச்சிங், கோச்சிங் விட்டால் வேறொரு கோச்சிங். பூட்டிய கதவுக்கு முன்னால் பையோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து அந்த அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன், பார்சலை வைத்துவிட்டுப் போகலாமே என்றார். சாயந்திரம் வந்த கலைவாணி, ஒரு போன் பண்ணிவிட்டு வரக்கூடாதா நைனா என்றாள். அவள் சொன்னது நியாயம். அதற்கப்புறம் போன் பண்ணிக் கேட்டால், இந்த வாரம் வேணாம் நைனா, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாள். அதுவும் நியாயம்தான். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. வருத்தமில்லை என்று எழுதும்போது கொஞ்சம் இருக்கிறது.

ஆகவே, திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். நான் போவது பஸ்ஸுக்காகத்தான். பக்கத்து சீட்டில் யாராவது வந்து உட்காருவார்கள். பூதலப்பட்டு தாண்டுவதற்குள் எந்த ஊர் என்பார்கள், பசங்க எத்தனை என்பார்கள், பென்ஷன் வருதா, சர்க்கரை இருக்கா என்பார்கள். சந்திரகிரி வருவதற்குள் என் குடும்பக் கதை அவர்களுக்குத் தெரிந்துவிடும், அவர்களுடைய மருமகள் தீபாவளிக்கு என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரிந்துவிடும். நானும் அபிப்பிராயம் சொல்வேன், அவர்களும் தலையாட்டுவார்கள். ஒருமுறை, மகளுக்குக் கல்யாணம் கூடிவரவேண்டும் என்று நாராயணவனத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். இறங்கும்வரை நான் அசையவே இல்லை. கை மரத்துப்போயிற்று. மணியம்மா போனபிறகு ஒரு மனுஷர் என்மேல் சாய்ந்தது அன்றைக்குத்தான். இப்போது வியாழக்கிழமைகளில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துபோய் பஸ் புறப்படுவதைப் பார்த்துவிட்டு வருகிறேன். கண்டக்டர் தெரிந்தவர், ஏறலையா சார் என்று கேட்பார். வாரத்துக்கு அந்த ஒரு கேள்வி மிச்சம்.

திருமலைக்கு ஏறுகிற பேட்டரி பஸ்ஸில் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். அது கிளம்புவது திருப்பதியில். அதில் ஏற நான் முதலில் திருப்பதி வரவேண்டும், அதற்கு டீசல் பஸ்ஸில் ஏறவேண்டும். தவிர, திலீப் தம்பி அனுப்பிய படங்கள் பேட்டரிக்கும் பொருந்தும், ரயிலுக்கும் பொருந்தும். ரயிலில் நான் போய்ப் பார்த்தவனும்தான். ஆளுக்கு ஆள் காதில் ஏதோ மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுகிறார்கள், டிக்கெட் கேட்பவர் மட்டும்தான் பேசுகிறார்.

இப்போது உங்கள் மூன்றாம் கேள்விக்கு வருகிறேன். டீசல் வாகனங்களை (அ) உடனே முற்றிலும் கைவிடவேண்டும், (ஆ) படிப்படியாகக் குறைக்கவேண்டும், (இ) கருத்து இல்லை. என் கருத்து (ஆ). வெயில் ஏறுவதும் மாம்பூ கருகுவதும் எனக்கும் தெரிகிறது, நான் குருடனில்லை. அதனால் கார், பைக், ஜெனரேட்டர், கல்யாணத்துக்குக் கல்யாணம் நூறு வண்டி ஊர்வலம் எல்லாவற்றையும் முதலில் நிறுத்துங்கள். பஸ்ஸைக் கடைசியில் வையுங்கள். அது குடிக்கிற டீசலை உட்கார்ந்திருப்பவர்கள், நிற்பவர்கள் எல்லாருக்கும் பங்கு போட்டுப் பாருங்கள், என் பங்குக்கு ஒரு டம்ளர் வரும். அந்த ஒரு டம்ளரில் நான் ஒரு வாரத்துக்கு வேண்டியதைப் பேசிவிட்டு வருகிறேன். கொள்கையைத் திருத்தியபின், சதுர்த்தி நாளிலிருந்தே அமலுக்கு வருவதாக முன்தேதியிட்டு ஒரு ஆர்டர் போட்டு, சங்கத்து சீல் வைத்து அனுப்புங்கள். சொல்லவைத்தவர் நீங்கள், தளர்த்தும் அதிகாரமும் உங்களுக்கே என்பது டெஸ்பாட்ச் அனுபவத்தில் என் அபிப்பிராயம். ஆர்டரைப் பிள்ளையார் பாதத்தில் வைத்து எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை பஸ் ஏறிவிடுவேன்.

தங்களுக்கு மனசுக்குப் பிடித்த இடத்தில் நல்லது நடக்கவும், கொடுத்த கன்றுகள் எல்லாம் வேர் பிடிக்கவும், திலீப் தம்பிக்கு யாரிடம் எதைச் சொல்லலாம் என்ற புத்தி வரவும் வரசித்தி விநாயகர் அருள வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, பதிலுக்கு வாசலையே பார்த்திருக்கும்,

தங்கள் உண்மையுள்ள உறுப்பினர்,
கோ. தணிகாசலம்

பின்குறிப்பு: மேலே கண்டதை எழுதி உறையில் போட்டேன், ஒட்டவில்லை. தபால் வண்டியும் டீசல்தானே, என் கடிதம் அதில் ஏறலாமா என்று யோசித்ததில் இரண்டு நாள் போய்விட்டது. அதற்குள் பிரமிளா புகை தாங்கமாட்டாமல் என் மகளுக்கு போன் போட்டிருக்கிறாள். கலைவாணி என்னைக் கூப்பிட்டாள். மாடியில் என்ன அடுப்பு, பஸ்கூட ஏறமாட்டேன் என்கிறீர்களாமே, இன்னா ஆச்சு உங்களுக்கு என்று சண்டைக்கு வந்தாள். காணிப்பாக்கத்தில் கையைத் தூக்கிவிட்டேன் என்றேன். சண்டை நின்றுபோயிற்று. என்ன படித்தாலும் இந்த மண்ணில் பிறந்த பெண், அவளுக்குத் தெரியும்.

"அப்பிடின்னா நீங்க இங்க எப்பிடி நைனா வருவீங்க?" என்றாள்.

வரமுடியாது என்றேன்.

"சரி, நாங்களே வரோம். ஞாயித்துக்கிழமை பாப்பாவையும் இட்டுக்கினு வரேன். மீன்கொழம்பு வெச்சி எடுத்தாரேன், அடுப்புகிட்ட போவாதீங்க. உங்க பிரமாணம் இருக்கிற வரைக்கும் ஞாயித்துக்கிழமைன்னா நாங்க அங்கதான்."

போனை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன் அம்மா. புகை என்று பிரமிளா நினைத்திருப்பாள். அவர்கள் வரப்போவது பெட்ரோல் காரில்தான். அவர்கள் கையைத் தூக்கவில்லை, ஆகவே குற்றமில்லை.

இன்றைக்குக் காலையில் ஹரிபாபு வந்தான், பிரமாணத்துக்குப் பிறகு நான் எப்படி இருக்கிறேன் என்று பார்த்துவிட்டுப் போக. பேச்சுவாக்கில், குளத்தில் முழுகினீர்களா என்றான். இல்லை என்றேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான். "முழுகி, ஈரத்துணியோட சாமி எதுர்ல நின்னு சொன்னாத்தான் தாத்தா பிரமாணம். நீங்க ஷாமியானாவுல நின்னு மைக்குக்குச் சொல்லிக்கீறீங்க. அது செல்லாது. பஸ் ஏறுங்க, போங்க" என்றான். பாதி வழியில் இறக்கிவிட்டதற்கு மன்னிப்பும் கேட்டான்.

ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. மூன்றாம் கேள்விக்கு என் கருத்து (அ). உடனே, முற்றிலும். சங்கம் இம்மியளவும் இறங்கிவரக் கூடாது. கலைவாணி என்று ஒரு பெண் போன் பண்ணிக் கேட்டால், உறுப்பினர் எவரும் பஸ் ஏறக்கூடாது, அதில் மாற்றமே இல்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஹரிபாபு சொன்னதை அவளிடம் நான் சொல்லவில்லை. ஆனால் இல்லாத பிரமாணத்தை இருக்கிறது என்று பெற்ற பெண்ணை நம்பவைப்பது பொய்தானே? அதற்கும் வழி பண்ணிவிட்டேன். நாளைக் காலை காணிப்பாக்கம் போய், குளத்தில் முழுகி, ஈரவேட்டியோடு சன்னிதியில் நின்று, நீங்கள் சொல்லிக்கொடுத்ததை முறைப்படி சொல்லப்போகிறேன். அதற்குமேல் தபாலில் போடமுடியாது, அதனால் இந்தக் கடிதத்தை இன்றே போடுகிறேன். நாளைக்குப் போவது பஸ்ஸில்தான். மூன்று பேர் சீட்டில் நடுவில் உட்காரப்போகிறேன், இரண்டு பக்கமும் ஆள் இருக்கும். திரும்பி வருவது நடை.